நேரலையில் ஓர் அலறல்

பாஞ்சாலிக்கு அலறுவதுதான் தொழில். சினிமாவிலோ சீரியலிலோ கூட்டம் கத்த வேண்டும், பிணத்தருகே ஒப்பாரி கேட்க வேண்டும், பேயைக் கண்டு ஒருத்தி வீரிட வேண்டும் என்றால் டப்பிங்காரர்கள் சைதாப்பேட்டையிலிருக்கும் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் முகம் ஒருமுறைகூடத் திரையில் வந்ததில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு டிவி ஸ்டூடியோவில் வேலை. பழைய ஐரோப்பியப் பேய் நாவல் ஒன்றைத் தமிழில் நடிப்போடு வாசிக்கும் நேரடி ஒளிபரப்பு. வாசித்தவர் மயிலாப்பூர் ஸ்ரீனிவாசராகவன். எழுபத்தொரு வயதிலும் கணீரென்ற குரல். மெழுகுவத்திகளுக்கு நடுவே நாற்காலியில் அவர். பத்தடி தள்ளி, கறுப்புத் திரைக்குப் பின்னால், மைக்கும் சின்ன மானிட்டருமாக பாஞ்சாலி.

"அக்கா, நான் சொன்னா மட்டும் கத்துங்க. என்ன ஆனாலும் கேமரா முன்னாடி வந்துடாதீங்க" என்று இயக்குநர் நீரஜா மாடி அறையிலிருந்து ஹெட்போனில் எச்சரித்திருந்தாள்.

கதையில் கோட்டைக்குச் சொந்தக்காரரான பிரபு விளக்கோடு மாடிப்படி ஏறினார். "பூட்டிய அறையின் கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது" என்று வாசித்தார் ஸ்ரீனிவாசராகவன். அதே வரியை மறுபடி வாசித்தார். மூன்றாம் முறை வாசித்தபோது சொற்கள் குழைந்தன. இடது கையிலிருந்த தாள்கள் நழுவித் தரையில் பரவின. அவர் குனியவில்லை.

"சார் நடிப்புல பின்றாரு! க்ளோசப் போங்க" என்றாள் நீரஜா ஹெட்போனில்.

மானிட்டரில் அவர் முகம் பெரிதாகியது. வாயின் இடது ஓரம் தொங்கியிருந்தது. பாஞ்சாலி மானிட்டரை நெருங்கிப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை அவள் புருஷன் துரைராஜின் கையிலிருந்து டீ கிளாஸ் இப்படித்தான் நழுவியது. "ஒண்ணுமில்ல, தூங்குனா சரியாப் பூடும்" என்றான். அவளும் நம்பித் தூங்கவிட்டாள். சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர், "பக்கவாதம். காலையிலேயே வந்திருக்கணும்மா" என்றார்.

நீரஜாவிடம் சொல்ல வழியில்லை. வாயைத் திறந்தால் மைக் வழியாக ஊரே கேட்கும். கேமராக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவர் உதட்டில் விரலை வைத்து அடக்கினார். ஒருவேளை நடிப்பாகவே இருந்தால்? இந்த வேலையும் போகும், இனி எந்த வேலையும் வராது.

"அக்கா, ரெடியா? இப்ப கத்துங்க!"

அவள் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு வெளிச்சத்துக்குள் ஓடினாள்.

"சார், என்னப் பாரு. ரெண்டு கையும் தூக்கு."

வலது கை மட்டும் எழுந்தது. கண்களில் பீதி.

"நடிப்பு இல்லய்யா இது! ஆம்புலன்ஸக் கூப்புடுங்க!" என்று கத்திய வேகத்தில், மேசையிலிருந்த மெழுகுவத்தியைத் தன் கை தட்டிவிட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. யாரோ அதை மிதித்து அணைத்தார்கள். மாடியிலிருந்து கோபமாக இறங்கி வந்த நீரஜா, அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" யாருக்கும் தெரியவில்லை.

"நாலு பன்னெண்டு. டிவி மூலையில டைம் ஓடிக்கினு இருந்துச்சு" என்றாள் பாஞ்சாலி.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நேரத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.

அன்றிரவு டிவிக்கு வந்த போன்களில் பாதி, கடைசியில் ஓடி வந்த பெண்ணின் நடிப்பைப் பாராட்டின. நீரஜா அதைச் சொன்னபோது பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவள் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நீ... பேசினதெல்லாம்... கேட்டுண்டுதாம்மா இருந்தேன்" என்றார் ஸ்ரீனிவாசராகவன். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். "பதில் சொல்லத்தான்... வாய் வரலை."

அடுத்த சொல்லுக்கு வெகுநேரம் ஆனது.

"மெதுவாப் பேசு சார், எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று பையைக் கீழே வைத்துவிட்டு, இரைச்சலுக்கு மறு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள் பாஞ்சாலி.