பக்கத்து வீட்டு மரங்கொத்தி

கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று காடாகிக் கிடக்கிறது. பின்வேலியைத் தாண்டி அவரவர் வீட்டுக்கு நேராக இருக்கும் துண்டில் அவரவர் ஏதாவது நட்டுக்கொள்வது இங்கே வழக்கம். என் துண்டில் வாழை, கறிவேப்பிலை, ரம்புத்தான் எல்லாம் உண்டு. தீபாவளிக்கு முன்னால் புல் வெட்டுபவரை வைத்துப் பட்டுப்போன கிளைகளைத் தறித்து, எறும்பு மருந்தும் அடித்துவிடுவேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தச் சுறுசுறுப்பெல்லாம் கிடையாது. பட்ட ரப்பர் மரம் ஒன்றை அப்படியே விட்டுவைத்திருந்தார்.

மரங்கொத்தி ஜோடி அதில்தான் பொந்து குடைந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பறவைக்காகக்கூட இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து பேப்பரை விட்டுத் தலை தூக்காத என் வீட்டுக்காரர், விடிந்ததும் அக்கா வீட்டுப் பின்வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். உச்சி சிவப்பாக இருந்தால் ஆண், கறுப்பென்றால் பெண் என்று திரும்பி வந்து எனக்குப் பாடம் வேறு. காலையில் பசியாற எடுத்து வைத்தால், அக்கா வீட்டிலேயே ஆயிற்று என்பார்.

விடுவேனா? பப்பாளியை வெட்டி ரம்புத்தான் கிளையில் செருகினேன். அணிலும் குரங்கும் விருந்து சாப்பிட்டுப் போயின. அவர் சிரித்தார்.

"அதுக்குப் பழம்லாம் வேணாம் லா. பட்ட மரத்துல இருக்கிற எறும்புதான் வேணும். நீதான் எல்லாத்தையும் துடைச்சு வெச்சிருக்கியே."

அந்தத் தீபாவளிக்குப் பட்ட கிளை எதையும் தொடக்கூடாது என்று புல் வெட்டுபவரிடம் சொல்லிவிட்டேன். மருந்தும் அடிக்கவில்லை. எறும்பு சமையலறைவரை வந்தது. சீனி டின்னைத் தண்ணீர்த் தட்டில் வைத்துச் சமாளித்தேன்.

மழை விட்டதும் ரப்பர் மரத்தில் குஞ்சு பொரித்தது. ஒருநாள் காலை நான் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே டொக் டொக் என்று சத்தம். சிவப்பு உச்சி. ரம்புத்தானின் பட்ட கிளையில் வாலை ஊன்றிக்கொண்டு, பட்டையைப் பெயர்த்து, நாக்கை விட்டு எறும்பு பிடித்துக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். அக்கா வீட்டுப் பின்வாசலில் அவரும் அக்காவும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. ஆண் பறவை வெகுநேரமாகப் பொந்துக்குத் திரும்பவில்லையாம். அக்காவும் ரொம்பக் கவலைப்படுகிறாராம்.

"எங்க போச்சுனே தெரியல," என்றார்.

"பூனை புடிச்சிருக்கும்," என்றேன்.

அவர் செருப்பைக்கூட மாட்டாமல், அதை அக்காவிடம் சொல்ல ஓடினார்.