மீனுக்குக் காய்ச்சிய தண்ணீர்

சித்தப்பாவுக்கு வாணியம்பாடியில் பெண் எடுத்தபோது, சீர்வரிசையோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் ஜவ்வாது மலை ஏறி வந்தது. அதற்குள் இரண்டு சிவப்பு மீன்கள். ஐயோ, என்ன சிவப்பு! வால் மட்டும் பட்டுத்துணி மாதிரி பின்னால் அசைந்து வரும். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. கேழ்வரகுக் கொல்லைக்குப் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டு, திங்காத மீனை எதற்கு வளர்ப்பது என்று சிரித்துக்கொண்டே போவார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போகவே மனம் வராது.

சித்திக்கு மலைத் தண்ணீர் என்றால் பயம். குடித்தால் மலைக்காய்ச்சல் வந்துவிடும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் அவளுடைய அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஆலங்காயம் பஸ்ஸில் கேன் கேனாக வரும். அதைத்தான் அவளும் குடிப்பாள், மீன்களுக்கும் ஊற்றுவாள். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கி வைப்பார். சித்தப்பா பாவம், வெட்கப்பட்டுக்கொண்டே தூக்கி வருவார்.

ஐப்பசி மழையில் பாதையில் பாறை சரிந்து பஸ் நின்றுபோனது. கேன்கள் காலி. தொட்டித் தண்ணீரும் கலங்கிவிட்டது. சித்தப்பா ஓடைத் தண்ணீரை அண்டாவில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, புது வேட்டியில் வடிகட்டி, ஆறவைத்தார். அதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

"மொதல்ல மீனுக்கு ஒத்துக்குதான்னு பாப்பம்ங்க. அப்பால நான் குடிக்கறேன்" என்றாள் சித்தி.

பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதியதை ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மீன் பேசுகிறது என்று நான் கைகொட்டிக் குதித்தேன். கொதித்த தண்ணீரில் மீன் மூச்சுவிடக் காற்று மிஞ்சாது என்று அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்? சித்தி முகம் செத்துப்போனது. மீனுக்கே ஆகாத தண்ணீரில் தான் எப்படிப் பிழைப்பது என்று ஓவென்று அழுதாள். பாதை சரியானதும் முதல் பஸ்ஸில் போய்விடுவதாகவும், இனி இந்த மலைக்குத் திரும்பப் போவதில்லை என்றும் சொல்லிப் பெட்டியை இழுத்துப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். சித்தப்பா அண்டாவைப் பார்த்தபடி நின்றார்.

என் அம்மாவுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா இது கூத்தா கீது! ஓடையிலயும்தான் மீனு நீந்துது, அதுக்கு யாரு காய்ச்சி ஊத்தறாங்க?" என்று கத்திவிட்டு, தொட்டியில் பாதியை மொண்டு கொட்டினாள். ஓடையிலிருந்து கொண்டுவந்திருந்த குடத்தை உயரத் தூக்கிச் சலசலவென்று ஊற்றினாள். தொட்டி முழுக்க நுரையும் குமிழுமாக, மீன்களே தெரியவில்லை. கொன்றேவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

குமிழ்கள் அடங்கின. ஒரு மீன் வாயை மூடிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கியது. பின்னாலேயே மற்றது. அடியில் போய் வாலை விரித்துத் திரும்பின பாருங்கள், அத்தனை தெளிந்த தண்ணீரில் அத்தனை சிவப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் குடத்தில் டம்ளர் மோதும் சத்தம் கேட்டது. திரும்பினேன். சித்தி குடத்தில் மிச்சமிருந்த ஓடைத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வாயில் கைவைத்து நின்றாள். சித்தப்பா கண்ணில் தண்ணீர். பாவம், சித்திக்கு நல்ல தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருத்தி தண்ணீர் குடிப்பதை வீடே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மறுபடி மீன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.