முடிச்சு போட்ட தொப்பி

கம்பளி நூல் விற்கும் கடைக்குள் ஓர் ஆண்பிள்ளை தனியாக நுழைந்தால் எப்படி முழிப்பான் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் அன்று மார்த்தாண்டத்துக்கு வந்திருக்கலாம். என்னைத்தான் சொல்கிறேன். பாதி ஆயுளைக் கடலில் கழித்தவன். இடுப்பு போனபிறகு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுப்பவன். ரோஸ் நூலுண்டையைக் கையில் எடுத்ததும் கடைப்பெண், "ஆருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரிக்கு" என்றேன். "அவதான் பின்னுவா."

வீட்டுக்காரி அப்போது இங்கிலாந்தில் இருந்தாள். எங்கள் ஒரே மகள் அங்கே நர்ஸ். அவளுடைய பிரசவத்துக்காகப் போயிருந்தாள். பெண் குழந்தை என்று அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். "என்னா குளிருங்க! பிள்ளைக்கு இப்பமே ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வைக்கணும்" என்று மனைவி போனில் சொன்னபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"வாங்கது எதுக்கு? நான் பின்னி அனுப்புகேன். வலை தைக்குதவனுக்கு இதொரு வேலையா?"

பக்கத்திலிருந்த மகள் போனை வாங்கினாள். "நெசமாட்டா அப்பா? அப்ப நான் கடையில வாங்கமாட்டேன்."

அவள் பிறந்தபோது நான் கடலில் கிடந்தேன். அவளுக்கென்று என் கையால் எதையும் செய்ததில்லை, வாங்கிக் கொடுத்ததோடு சரி. இப்போது சொல்லியாகிவிட்டது. சொன்னதைச் செய்யாவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மரியாதை?

வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் வீடியோ பார்த்தேன். ஒரு பெண் நூலை வளையம் வளையமாக ஓர் ஊசியிலிருந்து இன்னோர் ஊசிக்கு மாற்றிக்கொண்டே போனாள். முடிச்சு எப்போது போடுவாள் என்று காத்திருந்தேன். போடவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஓர் இழை அறுந்தால் மொத்தமும் பிரிந்துவிடாதா? வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு முடிச்சு உண்டு. அது இறுகவில்லை என்றால் மீனும் போகும், அன்றைய சோறும் போகும். அப்படிப் பழகிய கை இது. அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை என்று நானே முடிவு கட்டினேன். கடையில் வாங்கிய இரண்டு ஊசிகளையும் அலமாரியில் போட்டுவிட்டு, என் வலை ஊசியில் ரோஸ் நூலைச் சுற்றினேன். கண்ணிகள் சிறிதாக விழுவதற்காக அளவுக்கு ஓர் ஈர்க்குத் துண்டை வைத்துக்கொண்டேன்.

வீட்டு வெளிச்சம் என் கண்ணுக்குப் போதவில்லை. வேறு வழியில்லாமல் வலை தைக்கும் கொட்டகைக்கே கொண்டுபோய், நைலான் வலைக்குள் ஒளித்து வைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து வேலை செய்தேன். ஒருநாள் இளவட்டம் ஒருவன் அந்த வலையை உதறி இழுத்தான். நூலுண்டை சிமெண்டுத் தரையில் எல்லார் காலடியிலும் உருண்டு போயிற்று.

"மாமா, இது எந்த மீனுக்குப் போடுத வலை?"

"வீட்டுக்காரிக்க சாதனம்லே. அங்க வை."

"அத்தை வெளிநாட்டுலல்லா இருக்கு?"

கொட்டகையே சிரித்தது. என் காது சுட்டது. பேத்திக்கு என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அந்தச் சின்னச் சொல்லைச் சொல்லக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. சேலை கட்டியவர்கள் செய்கிற வேலை என்று நானே நினைத்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

எப்படியோ தொப்பி முடிந்தது. இழுத்துப் பார்த்தேன், ஒரு கண்ணி நகரவில்லை. பெருமை தாங்கவில்லை. ஊரிலிருந்து அங்கே கிளம்பிய ஒரு நர்ஸ் பெண்ணிடம் முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.

பேத்தி பிறந்து சில நாள் கழித்து வீடியோவில் பேசினோம். மகளின் மடியில் ரோஸ் தொப்பியோடு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. "பசியா இருக்கும்" என்றேன். மகள் குழந்தையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மனைவிதான் பொறுக்க முடியாமல் தொப்பியைக் கழற்றினாள். அழுகை நின்றது.

குழந்தையின் நெற்றியில் கண்ணி கண்ணியாகச் சிவந்த தடம். வலையில் மாட்டிய மீனுக்குச் செவுளுக்குப் பின்னால் விழுமே, அதே தடம். வாழ்நாள் முழுக்கப் பார்த்த தடத்தை யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"இது இப்ப மாறிரும் அப்பா. குளிருக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள் மகள்.

"நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் அவ இப்ப எடுத்து மாட்டினா" என்று மனைவி உண்மையை உடைத்தாள். "மத்த நேரம் துணிதான் சுத்தி வச்சிருக்கு."

கடையிலும் அவள் வாங்கவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று, பெற்ற பிள்ளையை அழவிட்டு எனக்குக் காட்டியிருக்கிறாள். அன்று பட்ட வெட்கத்துக்கு முன்னால் கொட்டகையில் பட்டது ஒன்றுமே இல்லை. "மக்களே, இப்பமே கடைக்குப் போய் ஒண்ணு வாங்கு" என்று மட்டும் மகளிடம் சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் அலமாரியில் கிடந்த அந்த இரண்டு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். நட்ட நடுவில் உட்கார்ந்து, போனைச் செங்கல்லில் சாய்த்து, அதே பெண்ணின் வீடியோவைப் போட்டேன். கை ஒவ்வொரு வளையத்திலும் முடிச்சு போடத் துடித்தது. பிரித்தேன், பின்னினேன், மறுபடி பிரித்தேன்.

"ஆருக்கு மாமா?" என்று அதே பையன் கேட்டான்.

"எனக்க பேத்திக்கு" என்றேன். அவன் சிரித்தானா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தத் தொப்பியும் போய்ச் சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு குழந்தை தூங்குகிற படத்தை மகள் அனுப்பினாள். கீழே, "சூப்பர் அப்பா" என்று எழுதியிருந்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உடனே கூப்பிட்டேன்.

"மக்களே, தொப்பியைக் கழத்திட்டு ஒரு படம் அனுப்பு" என்றேன்.