பேரிங்கில் வைத்த கொழுப்பு

1978 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, ஆம்பூரில் நான் சூப்பர்வைசராக இருந்த, தோல் பதனிடும் டேனரிக்குச் சைக்கிளில் போனேன். வந்த ஆட்களைக் குறித்துக்கொண்டு பாய்லரைப் பார்த்தேன். பெரிய மர டிரம்மில் ஆட்டுத்தோல் குரோம் உப்பு கரைத்த நீலத் தண்ணீரில் புரண்டுகொண்டிருந்தது.

அப்போது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அம்மாள் ஒரு குடத்தோடு வந்து நின்றார். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இன்னா சார் இது? எங்க கெணத்துத் தண்ணி. பச்சக் கொழந்தைய இதுலயா குளிப்பாட்றது?"

குடத்துக்குள் பார்த்தேன். மயில்துத்தம் கரைத்த நிறம். அந்தத் தெருவில் அந்த நிறத் தண்ணீர் எங்கள் டிரம்மில் மட்டும்தான் உண்டு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். டிரம் ஒரு பக்கம் சாய்ந்து, ஆடியபடி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கதவு இடுக்கிலிருந்து தண்ணீர் பீறிட்டு, கழிவுக் கால்வாயைத் தாண்டி மண்ணில் விழுந்தது. அது சுவரடியில் நுழைந்து, கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்த அந்த அம்மாளின் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ!

டிரம்மை நிறுத்தினேன். ஃபிட்டர் டிரம்மின் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மூடியைக் கழற்றினார். உள்ளே கிரீஸைக் காணோம். வெள்ளையாகக் கொழுப்பு அப்பியிருந்தது. துடைத்தால், வழுவழுவென்று இருக்க வேண்டிய இரும்புத் தண்டு கரையான் அரித்த கட்டை மாதிரி குழிகுழியாக இருந்தது.

ஆயில் போடுகிறவர் சாதாரணமாகச் சொன்னார்: "கிரீஸ் தீந்துபோய் ரொம்ப நாளாச்சு சார். தோல்ல சொரண்ற கொழுப்பு ஓசிலயே ஜாஸ்தியா கெடக்குது. நல்லாத்தான வழுக்குது?"

"தோலே உப்புல ஊறி வருது. கொழுப்புல மட்டும் உப்பு இருக்காதா?" என்று ஃபிட்டர் கத்தினார். "பேரிங்கு இன்னா பிரியாணியா, உப்பு போட்டுகீறே?"



சத்தம் கேட்டு வந்த முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "பாதில நிறுத்துனா மால் பூரா பேஜார் ஆய்டும்பா. சாயங்காலம் வரைக்கும் ஓட்டிடு."

நான் குடத்தை அவர் முன்னால் வைத்தேன். எட்டிப் பார்த்தவர் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "தோல எடுத்துத் தொட்டில போடுங்க. கையாலயே புரட்டலாம்" என்றார். அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். பொழுது சாயும்வரை புரட்டினோம்.

தேய்மானத்தால் இரும்பும் கரண்டும் வீணாகும் என்று தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிணறும் அதோடு போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, பாலாற்று ஊற்றில் இறைத்த தண்ணீரை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அந்த அம்மாள் வீட்டு வாசலில் இறக்கினேன்.