மேற்கே திருப்பிய கூண்டு

எங்கள் தெருவில் கோழிகளுக்குப் பாடம் நடத்தித் தேற வைத்த ஒரே ஆள் நான்தான். தலை நரைத்த பிறகும் இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

அப்போது எனக்கு ஆறு வயது இருக்கும். கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா தலைப்பிள்ளையான என்னை விட்டுவிட்டு, இரண்டாவது பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் கெட்டுப்போகுமாம். வீட்டைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா வந்திருந்தாள். பொழுது சாயும்போது விழுப்புரத்திலிருந்து பஸ் வரும். தினமும் ரோட்டோரம் போய் நிற்பேன். பஸ் அம்மாவை இறக்காமல் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும். அத்தை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்று அழுவேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் இன்னொரு தொல்லை. அம்மா ஊருக்குப் போகுமுன் அடைவைத்த முட்டைகள் பொரித்து, குஞ்சுகளும் வளர்ந்துவிட்டிருந்தன. தாய்க்கோழி அவற்றைக் கொத்தி விரட்டிவிட்டு மறுபடி முட்டையிடப் போய்விட்டது. இளங்கோழிகள் கூண்டுக்குப் போகாமல் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒருநாள் காலையில் மரத்தடியில் வெறும் இறகுகள் கிடந்தன. காட்டுப்பூனையின் வேலை.

“பூனைக்குப் போடறதுக்கா வளர்க்கறோம்? வர்ற சந்தைக்கு எடுத்துக்கினு போய் வித்துட்டு வந்துடறேன்” என்றார் அப்பா.

அம்மா வந்து கேட்டால் காட்ட ஒரு கோழிகூட இருக்காதே!

அன்று சாயங்காலம் அத்தை பஸ் வருமுன்பே ரோட்டுக்கு வந்துவிட்டாள். “இங்க நின்னுகினு இன்னாடி பண்ற? பஸ்ஸு அது பாட்டுக்கு வரும், போவும். எனக்கு இடுப்பு வளைய மாட்டேங்குது. கோழிங்கள நீ அடைச்சிப் பழக்கிட்டா உங்கப்பன் ஏன் விக்கப் போறான்? வா, ஜல்தி.”

கூண்டு வாசலிலிருந்து உள்ளே வரை கேப்பையைத் தூவி, “பா... பா...” என்று கூப்பிட்டேன். வாசலில் இருந்ததைத் தின்றுவிட்டு மரத்துக்கே போயின. மறுநாள் துரத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பறந்தன. பாவாடை கிழிந்ததுதான் மிச்சம். அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது என்று கடைசியில் நானே தலையையும் தோளையும் நுழைத்துப் பார்த்தேன். சுவரைப் பார்த்து வைத்திருந்த பழைய மரப்பெட்டிதான் எங்கள் கூண்டு. வெளியே வெயில் அடிக்கும்போதே உள்ளே கும்மிருட்டு. நானே போகமாட்டேன், கோழி எப்படிப் போகும்?

அத்தையும் நானும் பெட்டியைத் தள்ளி, அதன் வாசலை மேற்கே திருப்பினோம். சாயும் வெயில் கடைசிப் பலகை வரை விழுந்தது. கழுத்தில் இறகே இல்லாத ஒரு கழுத்தறுத்தான் சேவல் எட்டிப் பார்த்தது, யோசித்தது, நுழைந்தது. மற்றவை பின்னாலேயே போயின. சட்டென்று வாசல் பலகையைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். அப்பா வந்து பலகைச் சந்து வழியே எண்ணிப் பார்த்தார். சந்தைப் பேச்சு அதோடு நின்றது.

அப்புறம் நான் கூண்டருகே போய் நின்றாலே போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையாக வந்து அடைந்தன. வகுப்பில் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை. பஸ் வரும் நேரமும் கோழி அடையும் நேரமும் ஒன்றாக இருந்ததால் எனக்குப் பஸ் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

ஒரு சாயங்காலம் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தம்பிப் பாப்பாவைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு நின்றிருந்தாள். ஒரே ஒரு கோழி இன்னும் வெளியே நின்றது.

“இரும்மா, கோழிய அடைச்சிட்டு வர்றேன்” என்றேன்.

பலகையைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டாள். தான் அடைவைத்த முட்டையில் வந்த கோழிகள் இவ்வளவு ஒழுங்காக அடைவதைப் பார்த்த சந்தோஷம் அம்மாவுக்குத் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அத்தனையையும் மறுபடி வெளியே விட்டு, அவளுக்காக இன்னொரு தரம் அடைத்துக் காட்டினேன்.