ஸ்டெல்லா மிஸ் பிடுங்கிய அரசங்கன்றுகள்

ஸ்டெல்லா மிஸ் போய்விட்டார் என்று அவருடைய மகள் போனில் சொன்னபோது, என் வீட்டுக் கூரையில் புதிதாகத் தெரிந்த ஈரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வளர்த்த மாடித் தோட்டத்துக்கு நேர் கீழே குடியிருப்பவன் நான். அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, இந்த மழைக்காலம் முழுக்க, மேலே யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

நாங்கள் ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். விஜயநகரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியைத் தெருவுக்கே பூங்காவாகத் திறந்துவிட்டவர் அவர். கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களெல்லாம் மாலையில் ஏறி வந்தபோது நான் முணுமுணுத்தேன். "சும்னே இருங்க சார். காத்து என்ன உங்க அப்பா வீட்டு சொத்தா?" என்று கன்னடம் கலந்து அதட்டி என் வாயை அடைத்தார். மறுவாரம் நானும் நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

காக்கை எச்சத்தோடு விழும் விதையிலிருந்து, சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்கும். அரசைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்களில் யாரும் தொட மாட்டோம். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே மிஸ்" என்று நைசாக அவரிடம் தள்ளிவிடுவோம். களைக்கொத்தோடு உட்காருவார். "பாவத்தையெல்லாம் எனக்கு பார்சல் பண்ணிடுங்க. இலை அழகாத்தான் இருக்கு. வேர் உள்ள என்ன பண்ணுதுன்னு பாத்தீங்களா?" என்று சிரிப்பார்.

ஒருமுறை வேர் அறுந்து சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. அன்று அவர் சிரிக்கவில்லை. மேஸ்திரி வந்து அந்தச் சுவரை இடித்துக் கட்டும்வரை, யார் மேலும் விழுந்துவிடக் கூடாதென்று மாடிக் கதவைப் பூட்டி வைத்தார். "இது சாகாது சார். அடுத்த மழைக்குக் காத்துக்கிட்டு இருக்கும்" என்றார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து மேலே போனேன். தண்ணீர்த் தொட்டியருகே முழங்கால் உயரத்துக்கு ஓர் அரசங்கன்று. அதற்கு மஞ்சள், குங்குமம், நூல். பக்கத்தில் மிஸ்ஸின் போட்டோ, மாலை போட்டு. இரண்டாம் மாடி சாவித்திரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்களே மரமா வந்திருக்காங்க சார். ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டத்தை இங்கேயே வெச்சிடலாம்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். கன்றின் அடியிலிருந்து கிளம்பிய விரிசல் என் வீட்டுப் பக்கமாகப் போயிருந்தது.

மிஸ்ஸின் களைக்கொத்தை அவர் மகள் எனக்குக் கொடுத்திருந்தார். இன்று காலை அதை எடுத்துக்கொண்டு ஏறினேன். சாவித்திரம்மா கத்தியதைக் காதில் வாங்கவில்லை. இந்த முறை பாவம் என் வீட்டுக்கே பார்சல் என்று உட்கார்ந்தேன். கொத்திக் கொத்தி இழுத்ததில் கன்று கையோடு வந்தது. வேர் வரவில்லை.

மிஸ்ஸை அறிந்தவர்களே, ஞாயிற்றுக்கிழமை யாரும் மாடிக்கு ஏற வேண்டாம். தெருவில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் அவர் திறந்துவிட்ட கதவைப் பூட்ட எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் பூட்டினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கொத்தும் அவருடைய பயமும்தான். மேஸ்திரி நாளை வருவதாகச் சொன்னார். சாமுண்டி மலைப் பக்கம் இப்போதே மேகம் கட்டிவிட்டது.