அப்படியொரு பாகம் இல்லை

என் அண்ணனுக்கு என்மேல் திடீர்ப் பாசம் வந்தால் லேப்டாப் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அன்று காலையில் போன் செய்து, சாப்பிட்டியா, பிள்ளைக்குச் சளி விட்டதா என்றெல்லாம் அடுக்கினான். நான் குழம்பைக் கிளறிக்கொண்டே, அதுக்கு என்ன ஆச்சு என்று நேரடியாகக் கேட்டுவிட்டேன். ஆன் செய்தால் கறுப்பாகவே நிற்கிறதாம். திங்கட்கிழமைப் பத்திரப் பதிவுக்கு வேண்டியதெல்லாம் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறதாம். போனை வைக்கும் முன், போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னான். அப்பாவின் முந்திரிக்கொல்லையை அம்மா பேருக்கு மாற்றப்போகிறார்கள். திங்கட்கிழமை நானும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மறக்காமல் ஆதார் அட்டையை எடுத்துவர வேண்டும்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. கொல்லையில் அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் பங்கு உண்டு. பங்குள்ளவள் எப்படிச் சாட்சியாவாள் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஜெயங்கொண்டத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் இரண்டு வருடம் தட்டச்சு செய்தவள் நான். நான் பெரம்பலூருக்குப் போனதும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன் அண்ணன். அவனுக்கு விசைகளைச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். இருந்தும் உறைக்கவில்லை. அவன் சொன்னால் எனக்கு எதுவும் உறைக்காது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அது ஒரு வியாதி.

லேப்டாப்பும் என்னுடையதுதான். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. வரும்போதே அதன் வட்டு இரண்டு பாகமாகப் பிரிந்து, ஒன்றில் விண்டோஸ், மற்றதில் லினக்ஸ் என்று இரண்டு சிஸ்டம் இருந்தன. ஆன் செய்ததும் இரண்டு வரிகள் வரும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். என்னோடு வாங்கியவர்கள் பலரும் கடையில் கொடுத்து லினக்ஸைத் தூக்கிவிட்டார்கள். நான் விடவில்லை. விண்டோஸ் அண்ணனுக்கு, லினக்ஸ் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். வீட்டில் அதற்கு ‘அண்ணன் பக்கம்’, ‘பாப்பா பக்கம்’ என்று பெயர். என் பக்கத்தில் என் காலேஜ் பாடங்களும், அப்பா தன் போனில் எடுத்து எனக்கு அனுப்பிய போட்டோக்களும் இருந்தன. பெரும்பாலும் முந்திரி பூத்ததும், அவர் கட்டைவிரல் பாதி மறைத்ததும்தான். புகுந்த வீட்டுக்கு நான் லேப்டாப்பைக் கொண்டுபோகவில்லை. அண்ணனுக்கு வேலைக்கு வேண்டும் என்று விட்டுவிட்டுப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பென்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூரில் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஜெயங்கொண்டத்தில் இறங்கியபோது தலையெல்லாம் புழுதி. வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா, “ஆதார் கொண்டாந்தியா?” என்றாள். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. வயதாகிவிட்டது, அவளுக்கு எதிலும் பதற்றம் என்று நினைத்துக்கொண்டு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

லேப்டாப்பை ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. அதன் அர்த்தம், ‘அப்படியொரு பாகம் இல்லை’ என்பது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இரண்டு வரிகளைக் காட்டும் அந்த முதல் பக்கம் இருப்பது லினக்ஸின் பாகத்தில். அந்தப் பாகத்தை எடுத்துவிட்டால் விண்டோஸுக்கும் வழி தெரியாது. யாரோ என் பக்கத்தை அழித்திருக்கிறார்கள்.

“யாருண்ணே இதுல கை வச்சது?” என்றேன்.

“இடம் பத்தல பாப்பா. ஒன் பக்கம் சும்மாதான கெடந்துச்சு. அதையும் இதோட சேத்துக்கலாம்னு எடுத்தேன். சேக்கறதுக்குள்ள நின்னு போச்சு” என்றான்.

அப்பாவின் போட்டோக்கள் அதில் இருந்தது அவனுக்குத் தெரியும். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் அவனுடைய கவலையெல்லாம் வேறாக இருந்தது. முதலில் பத்திரங்களைக் காப்பாற்று, மற்றதெல்லாம் அப்புறம் என்றான். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடைதான் திறந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே என் ஆதாரை ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பிவிட்டான். அம்மா மட்டும் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு பென்டிரைவில் லினக்ஸ் இருந்தது. லேப்டாப்பில் இருப்பதைத் தொடாமல் அதைக் கொண்டே ஆன் செய்து உள்ளே எட்டிப் பார்த்தேன். அண்ணன் பக்கம் அப்படியே இருந்தது. என் பக்கம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். நல்லவேளையாக அதன்மேல் யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை. அவன் அழித்தது வேலியை மட்டும்தான். உள்ளே இருந்தது உள்ளேயே இருக்க வேண்டும். அதை மீட்பது அடுத்த வேலை. சொன்னபடி முதலில் அவன் ஃபைல்களை இன்னொரு பென்டிரைவுக்கு மாற்றினேன். நன்றாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க, கடைசியாகச் சேமித்ததைத் திறந்தேன்.

திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. அது கெட்டுப்போனதால் அல்ல. பத்திர ஆபீசுகளில் இன்னும் பழைய ஃபாண்டில்தான் அடிக்கிறார்கள். அந்த ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் தமிழ் தெரியாது. எந்த விசையை அழுத்தினார்களோ அந்த ஆங்கில எழுத்துதான் தெரியும். வேறு யாராக இருந்தாலும் மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். இரண்டு வருடம் அந்த விசைகளிலேயே குடியிருந்தவளுக்கு அது குப்பை இல்லை. முதல் வரியில் tpLjiyg; gj;jpuk; என்று இருந்தது. என் விரல்கள்தான் முதலில் படித்தன. விடுதலைப் பத்திரம்.

கீழே jq;if என்று வந்தது. தங்கை. பிறகு என் பெயர், என் கணவர் பெயர், பெரம்பலூர் முகவரி. கல்யாணத்தின்போது வேண்டிய சீர் செய்து அனுப்பிவிட்டதால், முந்திரிக்கொல்லையில் எனக்குள்ள பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கிறேனாம். யாருடைய தூண்டுதலும் இல்லையாம். முழு மனதாம். கடைசியில், இதற்கு எனக்குச் சம்மதம் என்று நானே சொல்லியிருந்தேன். அம்மா பேருக்கு மாற்றுவதாக ஒரு வரிகூட இல்லை. சாட்சிகளாக எழுதியிருந்த இரண்டு பேரும் எனக்குத் தெரியாதவர்கள்.

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்ததால் வலி தவணை முறையில் வந்தது. பதிவு அலுவலகத்தில் அதிகாரி என்னைக் கேட்பார், அப்போது எப்படியும் எனக்குத் தெரிந்துவிடும் என்பது அண்ணனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, பத்துப் பேர் பார்க்க, நான் முடியாது என்று சொல்லமாட்டேன் என்பதும் தெரியும். என் வாய் எங்கே அடங்கும் என்று தெரிந்து, அங்கே கொண்டுபோய் என்னை நிறுத்தப் பார்த்திருக்கிறான். அதுதான் தாங்கவில்லை. முறையாக வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். கொடுத்திருப்பேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையும் அவன் எனக்குத் தரவில்லை.

அழுகை வந்தது. அம்மா எதிரே அழக் கூடாது என்று திரைக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

கத்தலாம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம், பத்திரத்தை அழித்துவிடலாம். அழித்தால் அவன் மறுபடி அடிப்பான். தவிர, சொல்லாமல் அழிப்பது அவன் பழக்கம். நான் அவன் பக்கத்தில் இருந்த அசல் ஃபைலைத் திறந்து கடைசி வரிக்குப் போனேன். அங்கே rk;kjk; என்று இருந்தது. கடைசி எழுத்தை எடுத்துவிட்டுச் சில விசைகளைத் தட்டினேன். திரையில் அது rk;kjkpy;iy என்று ஆனது. பார்ப்பதற்கு அதே குப்பைதான். சேமித்துவிட்டு மூடினேன்.

பிறகு என் பக்கத்தைத் தேடவிட்டேன். தேடும் புரோகிராம் வட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதியில் என் பாகத்தின் எல்லை கிடைத்தது. அதை மறுபடி பதிந்து, முதல் பக்கத்தைச் சரிசெய்து, லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். இரண்டு வரிகளும் வந்தன. என் பக்கத்துக்குள் போனேன். முந்திரிப்பூவும் அப்பாவின் கட்டைவிரலும் இருந்தன. அவற்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதைத் தாலிச்சரட்டோடு இருந்த ஊக்கில் மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் வந்ததும் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். ரெண்டும் வருதா என்றான். வருது, உன் ஃபைல் சரியா இருக்கான்னு பாத்துக்க என்றேன். அவன் விண்டோஸுக்குள் போய், நான் எதிர்பார்த்தபடியே அந்தப் பத்திரத்தைத்தான் முதலில் திறந்தான். அவன் சிஸ்டத்தில் பழைய ஃபாண்ட் இருக்கிறது. எல்லாம் நல்ல தமிழில் தெரிந்தது. மேலிருந்து வேகமாக உருட்டிக்கொண்டு வந்தவன் கடைசி வரியில் நின்றான். அதை இரண்டு தரம் படித்தான் என்பது உதடு அசைந்ததில் தெரிந்தது.

“என்ன பாப்பா இது?” என்றான்.

“எல்லாம் நீ அடிச்சதுதாண்ணே. கடைசி மூணு எழுத்து மட்டுந்தான் நான் அடிச்சது.”

அவன் அம்மாவைப் பார்த்தான். எனக்கு அந்த நிமிடம்வரை அம்மாமேல் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அவளையும் ஏதாவது சொல்லி ஏமாற்றியிருப்பான், அவள் பேருக்கு மாறுகிறது என்றே அவளும் நம்பிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். திரையில் என்ன இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. என்ன, ஏது என்று எங்கள் இருவரிடமும் கேட்கவில்லை. முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணனின் சட்டைப்பையிலிருந்து என் ஆதார் அட்டையைத் தானே எடுத்து, ஜெராக்ஸ் தாள்களையும் அதோடு சேர்த்து மடித்து என்னிடம் கொடுத்தாள்.

நான் அட்டையைக் கேட்டிருக்கவே இல்லை.